ஸ்பிரிங்க முறுக்கினா பவர் வந்துடுமா? கோத்தகிரி குளிர்ல பிசிபி ட்யூனிங்

பிசிபினா சிலிண்டர்ல முன்னாடியே அமுக்கி வச்ச காத்துல சுடுற ஏர் ரைபிள். அத வாங்குனவங்கள்ல வாரத்துக்கு ஒருத்தராவது இதே கேள்வியோட வந்துடுறாங்க. "அண்ணா, பிசிபி வாங்கியாச்சு, ஆனா பவரே இல்ல, ஹெவி ஹேமர் ஸ்பிரிங் எங்க கிடைக்கும்?" நான் திருப்பி கேக்குறது ஒண்ணுதான், எத்தன பார் (காத்தழுத்த அளவு) காத்துல என்ன ஸ்பீடு வருது, க்ரோனோ (வேகம் அளக்குற கருவி) வச்சு பாத்தியா தம்பி? உடனே அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டு, தகர டப்பால ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் வெளிய வரல, அதனால பவர் கம்மி, அதனால ஸ்பிரிங்க மாத்தணும், இவ்வளவுதான் கணக்கு. ஆழம் தெரியாம கால விடுறதுனு இதத்தான் சொல்வாங்க.

நான் சொல்ல வர்றது சுருக்கமா இதுதாங்க: ஹேமர் ஸ்பிரிங், அதாவது காத்து வால்வ அடிச்சுத் தொறக்குற சுத்தியல தள்ளுற ஸ்பிரிங், பவர கூட்டுற குமிழ் இல்ல. அது காத்தோட அழுத்தத்துக்கு ஜோடி. ஜோடி பொருந்தலனா ஸ்பிரிங்க எவ்வளவு முறுக்கினாலும் காத்துதான் வீணாகும், சத்தம்தான் கூடும், பெல்லட் வேகம் அங்கேயே நிக்கும், சில சமயம் கொறையவும் செய்யும்.

மொதல்ல சட்டத்த சொல்லி முடிச்சுடுறேன். ஆயுத விதிகள் 2016 படி 4.5 மில்லிமீட்டர் காலிபர், அதாவது 0.177, அதுக்கு மேல போகாம, குழல் வாயில பெல்லட்டோட ஆற்றல் 20 ஜூலுக்கு மேல போகாம இருந்தா லைசென்ஸ் வேணாம். இதுல ஏதாவது ஒண்ணு தாண்டுனாலும் லைசென்ஸ் வேணும். 20 ஜூல்னா எவ்வளவுனு பாருங்க. 8.44 கிரெய்ன் பெல்லட் எடை சுமார் 0.547 கிராம், அது செகண்டுக்கு 270 மீட்டர்ல போனா 20 ஜூல் ஆச்சு. 10.34 கிரெய்ன் ஹெவி பெல்லட் போட்டா 244 மீட்டர்லயே 20 தொட்டுடும். இங்கதான் நெறைய பேர் கோட்டை விடுறாங்க. ஸ்பிரிங் பிஸ்டன் துப்பாக்கில (ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஸ்பிரிங்கே காத்த அமுக்குற வகை) பெரும்பாலும் லைட் பெல்லட்டுக்குத்தான் ஜூல் கூட வரும், பிசிபில அப்படியே தலைகீழ், பெல்லட் கனமா இருந்தா குழலுக்குள்ள கூட நேரம் இருக்கும், காத்து கூட நேரம் தள்ளும், ஜூல் ஏறும். அதனால லைட் பெல்லட்ல 18 ஜூல் காட்டுதேனு நிம்மதியா இருந்துட்டு ஹெவி பெல்லட் டப்பாவ தொறந்தா சட்டத்துக்கு அந்தப் பக்கம் போய் நிப்பீங்க. உங்ககிட்ட இருக்குறதுலயே கனமான பெல்லட்ட வச்சுத்தான் அளக்கணும்.

இன்னொண்ணு, அவ்வளவு பவர் எதுக்குனும் யோசிங்க. 10 மீட்டர் ஒலிம்பிக் ஏர் ரைபிள்ல 10 பாயிண்டுக்கு இருக்குற புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். 2008 பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்குனதும், சென்னைல பொறந்த ககன் நாரங் 2012 லண்டன்ல வெண்கலம் வாங்குனதும் இந்தப் போட்டிலதான். அந்த வகை ரைபிள்லாம் ஏழு, ஏழரை ஜூல் சுத்திதான் தள்ளும், நம்ம சட்ட அளவுல பாதி கூட இல்ல. ஆனா ஒவ்வொரு ஷாட்டும் ஒரே வேகத்துல போகும். அந்த ஒரே வேகம்தான் ட்யூனிங்கோட வேலை.

சரி, உள்ள என்ன நடக்குதுனு பாப்போம். சிலிண்டர்ல 200 பார் காத்து. அத அடைச்சுகிட்டு ஒரு சின்ன வால்வு. வால்வோட தண்டு பின்னாடி நீட்டிட்டு இருக்கும். ட்ரிகர அழுத்துனா ஹேமர் விடுபட்டு, ஸ்பிரிங் தள்ள ஓடி வந்து அந்தத் தண்டு மேல மோதும், வால்வு ஒரு கண் இமைக்கிறதுக்குள்ள தொறந்து மூடும், அந்த நேரத்துல பாயுற காத்து ட்ரான்ஸ்ஃபர் போர்ட்ங்கிற துளை வழியா பெல்லட் பின்னாடி போயி தள்ளும். இவ்வளவுதான் பிசிபி. ஆஸ்திரிய ராணுவம் 1780 வாக்குல வச்சிருந்த ஜிரார்டோனி ஏர் ரைபிளும் சேமிச்ச காத்து, வால்வுங்கிற இதே அடிப்படைதான், ஆய்வுப் பயணிங்க லூயிஸும் கிளார்க்கும் அமெரிக்காவ குறுக்க கடக்கப் போனப்போ அப்படி ஒரு ரிப்பீட்டர் (அடுத்தடுத்து சுடுற) ஏர் ரைபிள கூட எடுத்துட்டுப் போனாங்க. இரு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, நம்ம ஆளுங்க இன்னும் ஸ்பிரிங்க முறுக்கிட்டு இருக்கோம்.

இப்ப கணக்கு. வால்வு உக்காருற இடம் 6 மில்லிமீட்டர் விட்டம்னு வைங்க. 150 பார் அழுத்தத்துல அந்த வால்வ மூடி வச்சிருக்குற விசை எவ்வளவு தெரியுமா, 424 நியூட்டன், அதாவது 43 கிலோ. கிட்டத்தட்ட ஒரு சிமெண்ட் மூட்டைய அந்தச் சின்ன வால்வு மேல வச்ச மாதிரி. 200 பார்ல அதே 57 கிலோவுக்கு மேல போயிடும், 100 பார்னா 29 கிலோதான். ஸ்பிரிங் நேரடியா தள்ளி இத தொறக்கவே முடியாது, அதனாலதான் ஹேமர் ஓடி வந்து மோத வேண்டியிருக்கு. மோதுற வேகமும் ஹேமர் எடையும் சேந்துதான் வால்வு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் தொறக்கும்னு முடிவாகும்.

ரெகுலேட்டர், அதாவது வால்வுக்குப் போற காத்தழுத்தத்த ஒரே அளவுல வைக்கிற கருவி, இல்லாத ரைபிள எடுத்துக்கங்க. 200 பார்ல சிலிண்டர் ரொம்பி இருக்கும்போது வால்வு கல்லு மாதிரி மூடியிருக்கும், அதே ஹேமர் அடிக்கு கொஞ்சமாத்தான் தொறக்கும், காத்து கொஞ்சமாத்தான் வரும், பெல்லட் மெதுவா போகும். சுட சுட அழுத்தம் எறங்கும், வால்வு லேசாகும், நல்லா தொறக்கும், வேகம் ஏறும். 150, 140 பார்கிட்ட உச்சத்துக்கு வந்து கொஞ்ச நேரம் அங்கேயே நிக்கும். அதுக்குக் கீழ போனா வால்வு நல்லா தொறக்குது, ஆனா உள்ள காத்துக்கே தெம்பு இல்ல, வேகம் மறுபடி எறங்கும். பேப்பர்ல வரைஞ்சா மலை மாதிரி ஒரு கோடு வரும். ஸ்பிரிங்க இறுக்குனா இந்த மலை அப்படியே அதிக பார் பக்கம் நகரும், தளர்த்துனா கம்மி பார் பக்கம் நகரும்.

புரியுதுங்களா? "பவர் இல்ல"னு சொல்றவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு பிரச்சன ஸ்பிரிங்கே இல்ல, ஓவரா ரொப்புறதுதான். 200 வரைக்கும் ஏத்தலாம்னு சிலிண்டர்ல போட்டிருக்கு, அதனால 200 ஏத்துறாங்க, மொத பத்து ஷாட் சொதப்புது, ஸ்பிரிங் வீக்னு முடிவு. அது சிலிண்டர் தாங்குற அளவு சாமி, வால்வுக்குப் பிடிச்ச அளவு இல்ல. 170ல ஆரம்பிச்சு சுட்டுப் பாருங்க, ஒரு பைசா செலவில்லாம பாதிப் பேருக்கு வியாதி குணமாயிடும். கை பம்ப் அடிக்கிறவங்களுக்கு தோளு வலியும் மிச்சம்.

அப்படியும் ஸ்பிரிங் மாத்தித்தான் ஆகணும்னா கீழ எறங்கி கோயம்புத்தூர் போகணும், கணபதி பக்கம் ஸ்பிரிங் சுத்துற பட்டறைங்க இருக்கு. நான் போற பட்டறைல ஒரு பெரியவர் இருக்காரு, பழைய ஸ்பிரிங்க கைல வாங்கி வெளிச்சத்துல ஒரு தடவ பாப்பாரு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு ரெண்டு அழுத்து அழுத்துவாரு, அப்புறம்தான் கனம் அளக்குற வெர்னியர எடுப்பாரு.

"இது எந்த வண்டி க்ளட்ச் தம்பி?"

"வண்டி இல்லீங்க ஐயா, ஏர் ரைபிள்."

"கம்பி ஒண்ணு. இன்னும் கெட்டியா வேணுமா, லேசா வேணுமா?"

"இதவிட கொஞ்சம் லேசா."

"எல்லாரும் கெட்டியாத்தான கேப்பாங்க", சொல்லிட்டு சிரிச்சாரு.

அவரு "கம்பி ஒண்ணு"னு சொன்னது கம்பி கனம் ஒரு மில்லிமீட்டர். இந்தக் கனம்தான் ஸ்பிரிங்குல ராஜா. ஸ்பிரிங்கோட விறைப்பு கம்பி கனத்தோட நாலாவது அடுக்குல, அதாவது கனத்த நாலு தடவ பெருக்குன கணக்குல ஏறும். 1.0 கம்பிய 1.1 ஆக்குனா, கைல தடவிப் பாத்தா வித்தியாசமே தெரியாது, ஆனா விறைப்பு 46 சதவீதம் கூடிடும். அதனால "கொஞ்சம் தடிமனா போட்டுக் குடுங்க"னு வாய்ல சொல்லிட்டு வந்தீங்கன்னா வேற ஜாதி ஸ்பிரிங்தான் வீட்டுக்கு வரும். கம்பி கனம், வெளி விட்டம், எத்தன சுத்து, அழுத்தாம விட்ட நிலைல எவ்வளவு நீளம், நாலும் எழுதிக் குடுக்கணும்.

சுத்த வெட்டுறதப் பத்தியும் ஒரு தப்பான நெனப்பு இருக்கு. ஸ்பிரிங் கெட்டியா இருக்கு, நாலு சுத்து வெட்டிட்டா லேசாயிடும்னு. வெட்டுனா நீளம் கொறையும், அதனால முன்அழுத்தம் கொறையும், அது சரி. ஆனா சுத்து கொறைஞ்சா விறைப்பு ஏறும். 20 சுத்த 16 ஆக்குனா மில்லிமீட்டருக்கு 25 சதவீதம் கூட விறைப்பு. ஒரு பக்கம் கொறைச்சு மறுபக்கம் ஏத்திட்டு, என்ன ஆச்சுனே புரியாம உக்காந்திருப்போம். வெட்டுன முனைய சப்பையா தேய்க்காம போட்டா அது ஹேமர கோணலா தள்ளும், குழாய்ல உரசும், அதுவேற தலைவலி.

முன்அழுத்தம்னு சொன்னேன்ல, நம்மாளுங்க ப்ரீலோடும்பாங்க, ஹேமர் சும்மா நிக்கும்போதே ஸ்பிரிங் அது முதுகுல சாஞ்சிருக்குற அளவு. பின்னாடி இருக்குற ஸ்க்ரூவ உள்ள திருகுனா கூடுறது இதுதான். இது ஜாஸ்தியானா ரெண்டு தொல்லை. ஒண்ணு, காலியான சிலிண்டர்ல பம்ப் அடிக்கும்போது காத்து நிக்கவே நிக்காது, புஸ்ஸுனு குழல் வழியா போயிட்டே இருக்கும். வால்வு போச்சுனு பயந்து பிரிச்சுப் போட்டவங்க உண்டு. ஒண்ணும் ஆகல, மூடி வைக்க உள்ள அழுத்தம் இல்லாதப்போ ஸ்பிரிங் ஹேமரத் தள்ளி வால்வ லேசா தொறந்து வச்சிருக்கு, அவ்வளவுதான். பெல்லட் இல்லாம, குழல் பத்திரமான பக்கம் பாத்திருக்க, போல்ட்ட இழுத்து காக் பண்ணி (ஹேமர பின்னாடி இழுத்து மாட்டி) வச்சுட்டு ரொப்புனா நிக்கும்.

ரெண்டாவது தொல்லைதான் பெருசு, ஹேமர் துள்ளல். ஹேமர் ஒரு தடவ மோதி வால்வு மூடும்போது அது பின்னால எகிறும், ஸ்பிரிங் இன்னும் தள்ளிட்டே இருக்குறதால திரும்பி வந்து மறுபடி அடிக்கும், வால்வு மறுபடி தொறக்கும், பெல்லட் அதுக்குள்ள குழல விட்டே வெளிய போயிருக்கும். அந்த ரெண்டாவது, மூணாவது காத்தெல்லாம் தண்டம். காது வச்சுக் கேட்டா தெரியும், நல்ல ட்யூன்ல "டப்"னு ஒரே சத்தம், துள்ளுற ரைபிள்ல "டப்ர்ர்ர்"னு ஒரு வால் இருக்கும். என்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல வந்த ஒரு ரைபிள்ல முன்னாடி வச்சிருந்தவரு ஸ்பிரிங்குக்குப் பின்னால வாஷர் மேல வாஷரா அடுக்கி வச்சிருந்தாரு. எல்லாத்தையும் உருவி எடுத்துட்டு சுட்டேன். வேகம் ஒண்ணு ரெண்டு மீட்டர்தான் எறங்குச்சு, ஆனா ஒரு ரொப்புக்கு வர்ற ஷாட் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆச்சு. அவ்வளவு காத்த இத்தன நாளா சும்மா ஊதிட்டு இருந்திருக்கு.

இதுக்கு நல்ல வைத்தியம், ஸ்பிரிங்க ஒரு தண்டுல கோத்து முனைல தடுப்பு வைக்கிறது. ஹேமர் வால்வுத் தண்ட தொடுறதுக்கு ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் முன்னாடியே ஸ்பிரிங் தடுப்புல நின்னுடும், மிச்ச தூரம் ஹேமர் தன் வேகத்துலயே போய் அடிக்கும், எகிறி வந்தாலும் பின்னாடி தள்ள ஆள் இல்ல. சரியா செட் ஆயிருக்கானு பாக்க, காலி ரைபிள, பெல்லட் இல்லாம, காக் பண்ணாம, முன்னும் பின்னும் லேசா சாச்சுப் பாருங்க, உள்ள ஹேமர் நகர்ந்து "டிக்... டிக்"னு மெல்லிசா ஒரு சத்தம் கேக்கும். அந்த டிக் கேட்டா ஸ்பிரிங் சாஞ்சிருக்கலனு அர்த்தம். லேத் வச்சிருக்குற நண்பர் இருந்தா அரை நாள் வேலை.

ரெகுலேட்டர் இருக்குற ரைபிளுக்கு இன்னும் சுலபம், வால்வு எப்பவும் ஒரே அழுத்தத்த பாக்குது, மலைக் கோட்டுக்கு பதிலா நேர் கோடு. நான் செய்யுற முறை இது. ரெகுலேட்டர் 110 பார்னு வைங்க. ஸ்க்ரூவ நல்லா வெளிய எடுத்துட்டு ஆரம்பிச்சு, கால் சுத்து கால் சுத்தா உள்ள விட்டு, ஒவ்வொரு இடத்துலயும் நாலஞ்சு ஷாட் க்ரோனோல பாத்து நோட்டுல எழுதிட்டே வருவேன். உதாரணத்துக்கு 8.44 கிரெய்ன்ல செகண்டுக்கு மீட்டர் கணக்குல 205, 221, 233, 241னு ஏறிட்டே வரும், அப்புறம் 245, 246, மறுபடி 246, இன்னும் விட்டா 244. அந்த 246தான் மேடு. இந்த அழுத்தத்துல, இந்த போர்ட்டுல, இந்தக் குழல்ல இதுக்கு மேல கெடையாது, நீங்க ஸ்பிரிங்குக்கு பதிலா ரயில் பஃபர வச்சாலும் கெடையாது. ஏன்னா குழலுக்குள்ள பெல்லட் இருக்குறதே மூணு நாலு மில்லி செகண்ட், அதுக்கு மேல வால்வு தொறந்திருந்து யாருக்கு லாபம்?

மேட்டக் கண்டுபிடிச்சதும் அங்கேயே விட்டுட்டு வந்துடாதீங்க. அங்கிருந்து மூணு முதல் அஞ்சு சதவீதம் கீழ எறக்கணும். 246ன்னா 236, 238 கிட்ட. ஏன்னு கேட்டா, மேட்டுல வேகம் முழுக்க முழுக்க அழுத்தத்த நம்பி இருக்கு, ரெகுலேட்டர் ரெண்டு பார் ஏறி எறங்குனா வேகமும் கூடவே ஆடும். கொஞ்சம் கீழ இருந்தா அழுத்தம் லேசா ஏறுனா வால்வு தொறக்க கொஞ்சம் கஷ்டப்படும், காத்து கொஞ்சம் கம்மியா விடும், ஒண்ண ஒண்ணு சமன் பண்ணிக்கும். இந்த சமன்தான் ட்யூனிங்கோட மொத்த சூட்சுமம். 238ல 8.44 கிரெய்னுக்கு 15.5 ஜூல் வருது, சட்டத்துக்குள்ள சுகமா இருக்கு, சத்தமும் கொறையும், காத்தும் மிச்சம். எட்டு மீட்டர் வேகத்த விட்டுக்குடுத்து இவ்வளவும் வாங்குறோம், எனக்கு இதுல யோசிக்கவே ஒண்ணும் இல்ல.

ராத்திரி பூரா வச்சுட்டு காலைல சுடுற மொத ஷாட்ட தனியா எழுதி வைங்க, அது நெறைய பேசும். ரெகுலேட்டர்ல கசிவு இருந்தா ராத்திரில அழுத்தம் மெல்ல ஏறியிருக்கும். மொத ஷாட் வேகமா போனா, ஏறுன அழுத்தத்தையும் தொறக்குற அளவு ஹேமருக்கு தெம்பு நெறைய இருக்கு. மொத ஷாட் மெதுவா போனா, ஹேமர் ஏற்கனவே ஓரத்துல நிக்குது, ஏறுன அழுத்தத்த தொறக்க திணறுது. ரெண்டுலயும் நோய் ரெகுலேட்டர்லதான், ஸ்பிரிங்க தொட வேணாம்.

இப்ப நம்மூரு விஷயத்துக்கு வர்றேன், ட்யூனிங் வீடியோலாம் சமவெளில இருந்து போடுறாங்க, இங்க கதை கொஞ்சம் வேற. கோத்தகிரி ஏறக்குறைய 1800 மீட்டர் உயரம், கோயம்புத்தூர் 400 சொச்சம். வெளிக்காத்து அழுத்தம் இங்க அவங்களவிட சுமார் 15 சதவீதம் கம்மி. கை பம்ப் ஒவ்வொரு அடிக்கும் உறிஞ்சுறது அந்த மெல்லிசு காத்தத்தான். கீழ 100 அடில ஏறுற அழுத்தத்துக்கு இங்க கிட்டத்தட்ட 118 அடி அடிக்கணும். ஊட்டிக்காரங்களுக்கு இன்னும் கூட. பம்ப் சீல் போச்சுனு நெனச்சு மாத்தாதீங்க, மலை அப்படி.

குளிர் அடுத்தது. கீழ 30 டிகிரில 200 பார் ரொப்பி மேல கொண்டு வந்து, ராத்திரி 8 டிகிரில பாத்தா பிரஷர் மீட்டர் 185 பார் கிட்ட காட்டும். காத்து எங்கயும் போகல, சுருங்கிருக்கு. ரெகுலேட்டர் இல்லாத ரைபிள்ல இது மலைக் கோட்டுல நீங்க நிக்குற எடத்தையே மாத்திடும், கீழ ட்யூன் பண்ணுனது மேல வந்து வேற மாதிரி சுடுதுனு புலம்புறவங்களுக்கு பாதி காரணம் இதுதான். இதோட தலைகீழ்தான் ஆபத்து. இங்க 10 டிகிரில 200 ரொப்பி கார் டிக்கில போட்டு மேட்டுப்பாளையம் எறங்கி, வெயில்ல வண்டிய நிறுத்திட்டு சாப்பிடப் போனீங்கன்னா, டிக்கி 50 டிகிரி ஆச்சுனா சிலிண்டர் 228 பார் தாண்டிடும். கீழ எறங்கும்போது 150க்கு மேல வச்சுக்காதீங்க.

ஜனவரில இன்னொரு கூத்து. டீ பேக்டரில ஃபிட்டரா இருக்குற அண்ணன் ஒருத்தரு, துப்பாக்கி விஷயத்துல கில்லாடி, காலைல சுட்டா வேகம் பத்து மீட்டர் கம்மி, மத்தியானம் சரியாயிடுது, ஸ்பிரிங் மாத்தலாமானு கேட்டாரு. ஹேமர வெளிய எடுத்துப் பாத்தா சுத்தி பேரிங் க்ரீஸ், பேக்டரில ரோலருக்குப் போடுற அதே கெட்டி க்ரீஸ், விரல்ல தொட்டா நூல் மாதிரி இழுக்குது. உறைபனி விழுற காலைல அது மெழுகு மாதிரி ஆயிடுச்சு, ஹேமர் அதுல நீச்சலடிச்சுகிட்டு போகுது. அத மொத்தமா தொடைச்சு எடுத்துட்டு மாலிப்டினம் பவுடர துணில தொட்டு ஒரு பூச்சு பூசுனோம், முடிஞ்சுது வேலை. அவரு மட்டும் அந்தக் குளிருக்கு ஏத்தாப்ல ஸ்பிரிங்க இறுக்கியிருந்தாருன்னா மத்தியான வெயில்ல மேட்டையும் தாண்டிப் போயிருக்கும். ஹேமர் ஓடுற குழாய்ல எண்ணெய், க்ரீஸ் எதுவும் வேணாம், காஞ்சிருக்கட்டும்.

மிஸ்ட் எறங்குற நாள்ல பம்ப் அடிக்காம இருக்குறது நல்லது. அந்த ஈரம் அமுங்கி தண்ணியாகும், கொஞ்சம் சிலிண்டருக்குள்ளயும் போகும், இரும்பு சிலிண்டர்னா துரு. சிலிக்கா ஜெல் ஃபில்டர் போட்டுக்கங்க, ஐம்பது அடிக்கு ஒரு தடவ நிறுத்தி பம்ப ஆற விடுங்க.

உயரத்தால ஒரு நல்லதும் உண்டு. இங்க காத்தோட அடர்த்தி கோயம்புத்தூரவிட பத்துல ஒரு பங்குக்கு மேல கம்மி, பெல்லட்டுக்கு எதிர்ப்பு கம்மி, போற வழில வேகத்த அவ்வளவா இழக்காது. அதனால கீழ 50 மீட்டருக்கு ஜீரோ பண்ணுன (குறி சரி பண்ணி வச்ச) ஸ்கோப் இங்க கொஞ்சம் மேல சுடும். பவர் கூடிடுச்சுனு சந்தோஷப்பட வேணாம், குழல் வாயில கிட்டத்தட்ட அதே வேகம்தான்.

பிரிக்கிறதுக்கு முன்னாடி காத்த மொத்தமா எறக்கிடுங்க, பிரஷர் மீட்டர் ஜீரோ காட்டுனாலும் நம்பாதீங்க, ரெகுலேட்டருக்கும் வால்வுக்கும் நடுவுல இருக்குற சின்ன அறைல 110 பார் அப்படியே உக்காந்திருக்கலாம். சாதா எண்ணெய் ஒரு சொட்டு கூட காத்துப் பக்கம் போகக் கூடாது, அதிக அழுத்தக் காத்தும் எண்ணெயும் சேந்தா டீசல் இன்ஜின் மாதிரி பத்திக்கும், ஓ-ரிங்குக்கு (காத்து கசியாம அடைக்கிற ரப்பர் வளையம்) சிலிக்கான் க்ரீஸ் மட்டும். ஆக்ஸிஜன் சிலிண்டர்ல இருந்து ரொப்பலாமானு ஒருத்தர் கேட்டாரு, வெல்டிங் பட்டறைல ஓசில கிடைக்குதாம். சாமி, அது வெடிக்கும். காத்து மட்டும்தான். ஹெவி ஸ்பிரிங் போட்டவங்க ஒண்ணு கூட கவனிங்க, அந்த இழுவை முழுக்க ட்ரிகர் சியர் (ஹேமர பிடிச்சு வச்சிருக்குற கொக்கி) மேலதான் விழுது, ட்ரிகர் கனமாகும், சியர் முனை தேயும், தேஞ்ச சியர் ஒரு நாள் போல்ட்ட மூடுற அதிர்ச்சிலயே விட்டுடும். காக் பண்ணி, பெல்லட் இல்லாம, ஸ்டாக்க (ரைபிள் கட்டைய) உள்ளங்கையால தட்டிப் பாருங்க, விட்டுச்சுன்னா அந்த ரைபிள்ல அன்னைக்கே சுடுறத நிறுத்துங்க.

எங்க சுடுறதுனு கேக்குறவங்களுக்கு, வீட்டுக்குப் பின்னால மண் கரை இருந்தா அதுதான் ரேஞ்ச், நம்ம ஊர்ல படிப்படியா வெட்டுன நெலம்தான எல்லாமே, கரைக்கு பஞ்சமில்ல. ஆனா கரைக்கு மேல டீ பறிக்கிற அக்காங்க வர்ற வழி இருக்கானு பாத்துக்கங்க. கொரங்கு கேரட்டப் பிடுங்குது, பறவை பேரிக்காயக் கொத்துதுனு துப்பாக்கியத் தூக்குறவங்களோட எனக்குப் பேச்சே கிடையாது, 1972 வனவிலங்கு சட்டம் இருக்கு, பக்கத்துலயே ஃபாரஸ்ட் ஆபீஸும் இருக்கு. ரைபிளோட காட்டு ரோட்டுல சும்மா போனாலே கேள்வி வரும், பில்லும் பெட்டியும் கூட வச்சுக்கங்க.

கடைசியா, ட்யூன் முடிஞ்சு ஸ்க்ரூ ஒரு எடத்துல நின்னுடுச்சுன்னா அதுமேல நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைங்க, அதிர்வுல தளராது, யாராவது திருகுனா விரிசல் காட்டிக் குடுத்துடும். முழுசா உள்ள போன நிலைல இருந்து எத்தன சுத்து வெளிய இருக்கு, ரெகுலேட்டர் எத்தன பார், எந்த பெல்லட், என்ன வேகம், எத்தன டிகிரி குளிர்ல அளந்தது, எல்லாத்தையும் மாஸ்கிங் டேப்ல எழுதி ஸ்டாக்குக்கு உள்பக்கம் ஒட்டிடுங்க. நாளைக்கு ரைபிள வித்தாலும் வாங்குறவரு வாஷர் அடுக்காம இருப்பாரு.